ஆசிரியர் வேலையை விடுவதா? உடம்பையும் கேட்டு முடிவெடுங்கள்

கோடை விடுமுறை முடியப்போகும் ஓகஸ்ட் கடைசி வாரத்தில் எமது சேர்ஜரிக்கு ஆசிரியர்கள் பலர் வருவார்கள். ஒருவருக்கு நெஞ்சுப் படபடப்பு. இன்னொருவருக்கு அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு நித்திரை இல்லை. வேறொருவருக்குக் காலையில் சாப்பாட்டைக் கண்டாலே வயிற்றைப் பிரட்டுகிறது. பத்து நிமிடச் சந்திப்பில் எட்டு நிமிடம் இவற்றைப் பற்றியே பேசுவார்கள். எழுந்து கதவடிக்குப் போன பிறகுதான் உண்மையான கேள்வி வரும்: "டொக்டர், இந்த வேலையை விட்டால் எனக்குச் சுகம் வருமோ?"

சிலருக்கு வரும். சிலருக்கு வராது. வேலையை விடுவதே மருந்தாக அமைந்தவர்களையும் நாம் கண்டிருக்கிறோம். வேலையை விட்ட பின்பும் அதே நோயோடு, சம்பளமும் இல்லாமல் திரும்பி வந்தவர்களையும் கண்டிருக்கிறோம். நீங்கள் எந்த வகையைச் சேர்ந்தவர் என்பதை அறிவது எப்படி, விடுவதென்றால் எந்த ஒழுங்கில் விடுவது என்பதைப் பற்றியே இம்முறை எழுதுகிறோம்.

எமது சமூகத்தில் இந்தக் கேள்வியைக் கேட்பதே கடினம். ஊரில் 'ரீச்சர்', 'மாஸ்டர்' என்ற சொற்களுக்கு இருந்த மரியாதையை நாம் கப்பலேற்றி இங்கேயும் கொண்டு வந்திருக்கிறோம். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ படிப்பித்த எத்தனையோ பேர் இங்கு வந்து பெற்றோல் நிலையங்களிலும் கடைகளிலும் இரவிரவாக நின்றார்கள். அந்த உழைப்பில் படித்த மகள் இங்கிலாந்துப் பாடசாலையில் ஆசிரியையாக நின்றபோது, இழந்த ஒன்று திரும்பக் கிடைத்ததாகவே பெற்றோர் எண்ணினார்கள். அந்த மகள் "அம்மா, என்னால் முடியவில்லை" என்று சொல்வது எவ்வளவு பாரமான வார்த்தை! எம்மைப் போல நாட்டை விட்டு ஓடி வந்து, மீண்டும் பரீட்சை எழுதித் தொழிலைப் பெற்றவர்களுக்கு இது நன்றாகவே விளங்கும். எல்லாவற்றையும் ஒருமுறை விட்டு வந்தவர்களுக்கு, இன்னொன்றையும் விடு என்று சொன்னால் மனம் இலேசில் ஒப்பாது.

ஏன் இவ்வளவு களைப்பு?

இங்கிலாந்து அரச பாடசாலை ஆசிரியர்களின் வேலை நிபந்தனைகளின்படி, முழுநேர ஆசிரியர் ஒருவரை நிர்வாகம் நேரடியாகப் பணிக்கக்கூடிய நேரம் பொதுவாக ஆண்டுக்கு 195 நாட்களில் 1,265 மணித்தியாலங்கள். கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு ஆறரை மணித்தியாலம். கேட்பதற்குச் சுகமான வேலைதான். ஆனால் கொப்பி திருத்துவதும், பாடம் ஆயத்தம் செய்வதும், அறிக்கை எழுதுவதும் இதற்கு வெளியே நிற்கின்றன; அவற்றுக்கு எல்லை இல்லை. கல்வி அமைச்சின் ஆய்வுகளிலேயே முழுநேர ஆசிரியர்கள் பாடசாலை நாட்களில் வாரத்துக்கு 50 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். புதிதாகச் சேரும் ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஐந்து ஆண்டுகளுக்குள் அரச பாடசாலைகளை விட்டு விலகுகிறார். ஆகவே, இது உங்களுடைய பலவீனம் மட்டும் அல்ல.

இதற்கு மேல் பரிசோதனைப் பயம். 2023 ஜனவரியில் ரெடிங் நகரத்து ஆரம்பப் பாடசாலை ஒன்றின் தலைமையாசிரியை ரூத் பெரி உயிரை மாய்த்துக்கொண்டார். ஒஃப்ஸ்டெட் பரிசோதனையும் அம்மரணத்துக்குப் பங்களித்தது என்று மரண விசாரணை அதிகாரி அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பளித்தார். ஒரு பாடசாலையை ஒரே சொல்லில் தரமிடும் முறை 2024 செப்டெம்பரில் கைவிடப்பட்டது. வேலை அழுத்தம் என்பது 'சும்மா மனப்பிரமை' என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அழுத்தம் வேறு, வற்றிப் போதல் வேறு, மனச்சோர்வு வேறு

இம்மூன்றையும் ஒன்றாகப் போட்டு 'ஸ்ட்ரெஸ்' என்று சொல்லிவிடுகிறோம். வைத்தியத்துக்கு இவை வேறு வேறு.

அழுத்தம் என்பது நோய் அல்ல. தாங்கக்கூடியதற்கு மேல் சுமை வரும்போது உடலும் மனமும் காட்டும் எதிர்விளைவு அது. சுமை குறைந்தால் அதுவும் குறையும்.

பேர்ன்-அவுட் எனப்படும் நிலையைச் 'சக்தி வற்றிப் போதல்' என்று சொல்லலாம். உலக சுகாதார நிறுவனம் 2022 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில் இதை நோயாக அல்ல, தொழில் சார்ந்த ஒரு நிலையாகவே சேர்த்துள்ளது. அதற்கு மூன்று அடையாளங்கள்: சக்தி முழுவதும் தீர்ந்த உணர்வு, வேலையிலும் அங்குள்ளவர்களிலும் வெறுப்பு அல்லது விலகல், "நான் செய்வதால் ஒரு பயனும் இல்லை" என்ற எண்ணம். பிள்ளைகளில் உயிரையே வைத்திருந்த ஆசிரியர் அவர்களுடைய முகத்தைப் பார்க்கவே எரிச்சல்படத் தொடங்கினால், அது கெட்ட குணம் அல்ல. பெரும்பாலும் இந்த இரண்டாவது அடையாளம்தான்.

மனச்சோர்வு ஒரு நோய். அது வேலையோடு நிற்காது. இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் மனம் இருண்டு கிடக்கும். பிடித்த பாட்டும், பேரப்பிள்ளையின் சிரிப்பும், கிரிக்கெட்டும் இனிக்காது. நித்திரையும் பசியும் மாறும். தன்னைத் தானே குற்றம் சொல்வது கூடும். எம்மவர்களில் பலர் 'மனம் சரியில்லை' என்று சொல்ல மாட்டார்கள். தலையிடி, நெஞ்சு இறுக்கம், உடம்பு உளைவு, 'வாயுக்கோளாறு' என்றுதான் சொல்வார்கள்.

விடுமுறையைக் கவனியுங்கள்

எது என்று பிரித்தறிய நாம் ஆசிரியர்களிடம் கேட்கும் ஒரு எளிய கேள்வி உண்டு. வேறு தொழிலாளருக்கு இது வாய்க்காது. ஆசிரியருக்கு ஆறு வார விடுமுறை இருப்பதால் கேட்கலாம். "கடந்த கோடை விடுமுறையில் நீங்கள் எப்படி இருந்தீர்கள்?"

விடுமுறையின் முதல் வாரம் காய்ச்சலும் களைப்புமாகப் போய், இரண்டாம் மூன்றாம் வாரத்தில் நித்திரை திரும்பி, சாப்பாடு இனித்து, ஓகஸ்ட் கடைசியில் எல்லாம் மீண்டும் கெட்டால், வேலைதான் பெரும்பாலும் காரணம். அங்கே எதையாவது மாற்றினால் சுகம் வரும் என்று நம்பலாம்.

ஆறு வாரமும் கடந்து, கடற்கரைக்கும் போய், ஊருக்கும் போய் வந்தும் மனம் தெளியவில்லையென்றால், வேலைக்கு அப்பால் ஒன்று இருக்கிறது. அது மனச்சோர்வாக இருக்கலாம். குடும்பப் பிரச்சினையாக இருக்கலாம். போர்க்காலத்து நினைவுகள் கிளம்பியதாக இருக்கலாம். உடல் நோயாகவும் இருக்கலாம். அதை வைத்தியம் செய்யாமல் வேலையை மட்டும் விட்டால், நோயும் உங்களோடு சேர்ந்தே புது வேலைக்கு வரும்.

இது முடிந்த முடிவான சோதனை அல்ல. ஆனால் பேச்சைத் தொடங்க நல்ல இடம்.

உடம்பைச் சோதிக்காமல் மனதைக் குற்றம் சொல்லாதீர்கள்

களைப்பு என்று வருபவருக்கு நாம் முதலில் இரத்தப் பரிசோதனை செய்விப்போம். இரும்புச்சத்துக் குறைவு, தைரொயிட் சுரப்பு மாற்றம், நீரிழிவு, பீ-12 மற்றும் டீ விற்றமின் குறைவு ஆகிய எல்லாமே ஒருவரை 'முடியவில்லை' என்று சொல்ல வைக்கும். மரக்கறி மட்டும் உண்பவர்கள் பீ-12 பற்றிக் கட்டாயம் கேளுங்கள். நாற்பதுகளின் நடுவிலிருந்து பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்களும் நித்திரையையும் ஞாபகத்தையும் குழப்பும்; "வகுப்பில் பிள்ளைகளின் பெயர் மறந்துபோகிறது, எனக்கு மூளையில் ஏதோ" என்று பயந்து வரும் ஆசிரியைகளுக்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு.

ஆசிரியத் தொழிலுக்கென்றே சில உடல் தொல்லைகள் உள்ளன. வகுப்பை விட்டு வெளியே போக முடியாததால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்து, சிறுநீரை அடக்கி வைப்பார்கள். அதனால் சிறுநீர்த் தொற்று வருவதுண்டு. மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் சோற்றுக் கோப்பையோடு இருந்துவிடுவார்கள். தென்னாசியரான எமக்கு நீரிழிவும் இருதய நோயும் மற்றவர்களைவிட இளவயதிலேயே வருகின்றன என்பதை மறக்க வேண்டாம். இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரையானவர்களில் ஏற்கெனவே இத்தகைய நோய் இல்லாதவர்களுக்கு, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இலவசமான என்.எச்.எஸ் உடற்பரிசோதனை உண்டு. அழைப்பு வந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

குரல் கரகரப்பு இன்னொன்று. சத்தம் போட்டுப் படிப்பிப்பதால் வந்தது என்று ஆண்டுக்கணக்கில் விட்டு வைப்பார்கள். மூன்று வாரத்துக்கு மேல் குரல் தெளியவில்லையென்றால் வைத்தியரைக் காணுங்கள். 45 வயதுக்கு மேற்பட்டவராயின் இது இன்னும் முக்கியம். காரணம் இல்லாமல் நீடிக்கும் கரகரப்பை நாம் அவசரமாகத் தொண்டை நிபுணரிடம் அனுப்புவோம்.

இரண்டு பேரின் கதை

பலருடைய அனுபவங்களைச் சேர்த்து, அடையாளங்களை மாற்றி இரண்டு பேரைச் சொல்கிறோம்.

ஒருவர் கணித ஆசிரியை, முப்பதுகளின் நடுப்பகுதி, பாடத்துறைத் தலைவி. விடுமுறையில் நன்றாகிவிடுவார், பாடசாலை தொடங்கினால் மீண்டும் நெஞ்சுப் படபடப்பு. இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்துக் குறைவு மட்டும். அதற்கு மாத்திரை கொடுத்தோம். மூன்று வாரம் லீவில் நின்றார். பிறகு துறைத் தலைமையைக் கைவிட்டு, வாரத்துக்கு நான்கு நாள் வேலையாக்கினார். ஒரு வருடம் அப்படியே ஓடியது. அதன் பின்பு யோசித்து, பரீட்சை வினாத்தாள்கள் தயாரிக்கும் இடத்தில் வேலை தேடிக்கொண்டு விலகினார். சம்பளம் கொஞ்சம் குறைவு. மாலை ஆறு மணிக்குப் பின் வேலை இல்லை. இன்று சுகமாக இருக்கிறார்.

மற்றவர் விஞ்ஞான ஆசிரியர், ஐம்பது தாண்டியவர். ஒரு சண்டைக்குப் பிறகு இரவோடு இரவாகக் கடிதம் எழுதி வேலையை விட்டார். தெரிந்தவரின் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போனார். "தலைக்கு வேலை இல்லை, நிம்மதி" என்றுதான் நினைத்தார். ஆறு மாதத்தில் நித்திரை இன்னும் கெட்டது, குடி கூடியது, வீட்டுக் கடன் கட்ட முடியாமல் மனைவியோடு பிணக்கு. எம்மிடம் வந்தபோது கடும் மனச்சோர்வு. அத்தோடு கண்டுபிடிக்கப்படாத நீரிழிவு. வேலையை விட்டது பிழை என்று நாம் சொல்லவில்லை. வைத்தியத்துக்கு முன் விட்டதும், எங்கே போகிறோம் என்று பாராமல் போனதுமே அவரை வருத்தியது.

'சுகமான வேலை' எது?

இங்கே ஒரு முக்கியமான உண்மையைச் சொல்ல வேண்டும். பொறுப்புக் குறைந்த வேலை என்றால் அழுத்தமும் குறைவு என்றே எல்லோரும் நினைக்கிறோம். இலண்டனில் 1985 இல் 35 முதல் 55 வயது வரையான 10,308 அரச ஊழியர்களை வைத்துத் தொடங்கப்பட்ட 'வைட்ஹோல்' இரண்டாம் ஆய்வு இதற்கு மாறான ஒன்றைக் காட்டியது. பேராசிரியர் மைக்கேல் மார்மொட் தலைமையிலான அந்த ஆய்வில், தம் வேலை மீது தமக்குக் கட்டுப்பாடு குறைந்தவர்களுக்கே இருதய நோய் கூடுதலாக வந்தது. மேல் பதவியில் இருந்தவர்களைவிடக் கீழ்ப் பதவியில் இருந்தவர்களின் ஆரோக்கியமே மோசமாக இருந்தது.

வேலைச்சுமை கூடுதலாகவும், அதை எப்படி, எப்போது செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும்போதுதான் உடம்பு உடைகிறது. இங்கிலாந்தில் ஆசிரியர்கள் படும் பாடும் இதுவே: வேலையோ மலை, அதிகாரமோ கடுகு. ஆகவே புது வேலை தேடும்போது "இது இலேசா?" என்று கேட்காதீர்கள். "இதில் என் கையில் என்ன இருக்கும்?" என்று கேளுங்கள்.

பிரித்தானியாவின் சுகாதார, பாதுகாப்பு நிறைவேற்று அமைப்பு வேலை அழுத்தத்தை அளக்க ஆறு விடயங்களைச் சொல்கிறது. நேர்முகத்துக்குப் போகும்போது இவற்றை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

1. சுமை: ஒரு நாளில் முடிக்கக்கூடிய அளவு வேலையா? வீட்டுக்குக் கொண்டுவர வேண்டுமா?
2. கட்டுப்பாடு: வேலையின் ஒழுங்கையும் வேகத்தையும் நான் தீர்மானிக்கலாமா? அவசரத்துக்கு ஒரு நாள் லீவு எடுக்க முடியுமா?
3. ஆதரவு: தெரியாததைக் கேட்டால் சொல்லித்தர ஆள் உண்டா?
4. உறவுகள்: அங்கே வேலை செய்பவர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசுகிறார்கள்?
5. பொறுப்பு: என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்கிறதா?
6. மாற்றம்: மாற்றங்கள் வரும்போது முன்கூட்டிச் சொல்வார்களா?

ஆசிரியர் கையில் நல்ல சரக்கு உண்டு. கூட்டத்தின் முன் பேசுவது, சிக்கலானதை எளிமையாக்குவது, நேரத்துக்கு வேலை முடிப்பது, கோபப்படும் பெற்றோரைச் சமாளிப்பது எல்லாம் எங்கும் விலைபோகும் திறமைகள். பரீட்சைச் சபைகள், மாநகர சபைகளின் கல்விப் பிரிவுகள், பல்கலைக்கழக மாணவர் சேவைகள், அருங்காட்சியகங்களின் கல்விப் பகுதிகள், அரச திணைக்களங்கள், ஊழியர் பயிற்சிப் பிரிவுகள் போன்றவற்றில் ஆசிரியராக இருந்தவர்களைக் காணலாம்.

எம்மவர்கள் முதலில் நினைப்பது ரியூஷன். அது சிலருக்குப் பொருந்தும். ஆனால் வேலை மாலையிலும் சனி ஞாயிறிலும்தான். பரீட்சைக் காலத்தில் மூச்சுவிட நேரமில்லை. சுகயீனமானால் வருமானமும் இல்லை. ஆண்டு வரவு 1,000 பவுண்ஸைத் தாண்டினால் வரித் திணைக்களத்தில் பதிய வேண்டும். பெற்றோரின் எதிர்பார்ப்பைச் சமாளிப்பது ஒஃப்ஸ்டெட்டைவிடக் கடினம் என்று சிரித்தபடி சொன்னவர்களும் உண்டு.

விடுவதற்கு முன் இருக்கும் படிகள்

இரவில் கடிதம் எழுதாதீர்கள். மனச்சோர்வு எல்லாக் கதவுகளும் பூட்டியிருப்பதாகக் காட்டும். அது தணிந்த பின்பு பார்த்தால் இரண்டொரு கதவு திறந்தே இருக்கும். நாம் சொல்லும் ஒழுங்கு இதுதான்.

முதலாவது, வைத்தியரைக் காணுங்கள். சுகயீனத்தின் முதல் ஏழு நாட்களுக்கு நீங்களே அத்தாட்சி கொடுக்கலாம். அதற்கு மேல் 'ஃபிட் நோட்' தேவை. அதில் வேலைக்குத் தகுதி இல்லை என்று மட்டுமல்ல, குறைந்த நேரம், படிப்படியாகத் திரும்புதல், கடமை மாற்றம் என்ற நிபந்தனைகளோடு வேலை செய்யலாம் என்றும் எழுத முடியும்.

எமது ஊர் வைத்தியரிடம் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். வைத்தியர் எந்த ஊரவராயினும் நோயாளியின் இரகசியத்தைக் காப்பது அவருடைய சட்டக் கடமை. உங்கள் மருத்துவக் கோவையைப் பாடசாலை பார்க்க முடியாது. 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின்படி, சில விதிவிலக்குகள் தவிர, வேலை தருவதாகச் சொல்வதற்கு முன் புது முதலாளி உங்கள் சுகநலம் பற்றிக் கேட்கவும் கூடாது.

இரண்டாவது, பேச்சு வைத்தியம். இங்கிலாந்தில் என்.எச்.எஸ் 'டோக்கிங் தெரபீஸ்' சேவைக்கு வைத்தியரின் கடிதம் இல்லாமல் நீங்களே பதியலாம். மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். மனச்சோர்வுக்கு மாத்திரை தந்தால் இரண்டு மூன்று நாளில் பலன் பார்க்காதீர்கள். பல வாரங்கள் செல்லும். சுகம் வந்ததும் திடீரென நிறுத்தவும் வேண்டாம். பொதுவாக ஆறு மாதமாவது தொடர வேண்டும்.

மூன்றாவது, உள்ளுக்குள் மாற்றம் கேளுங்கள். பொறுப்பைக் குறைப்பது, நாட்களைக் குறைப்பது, வேறு பாடசாலைக்கு மாறுவது ஆகிய மூன்றும் ஆசிரியத் தொழிலை விடாமலே செய்யக்கூடியவை. 2024 ஏப்ரல் 6 முதல், வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே வேலை நேர மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கலாம். அவர்கள் மறுக்கலாம், ஆனால் காரணம் சொல்ல வேண்டும். நீண்ட கால நோய் உள்ளவராயின் நியாயமான வசதிகள் செய்து தருவது பாடசாலையின் கடமை. தொழிற்சங்கத்தில் சந்தா மட்டும் கட்டிக்கொண்டிருக்காமல் இந்த இடத்தில் அவர்களைக் கூப்பிடுங்கள்.

நான்காவது, இரண்டு வாரம் ஒரு கொப்பியில் எழுதுங்கள். இன்று என்னை வருத்தியது எது? அதை மாற்ற என் கையில் ஏதும் இருந்ததா? உடம்பு என்ன செய்தது? பக்கங்களைப் புரட்டும்போது, பிரச்சினை பிள்ளைகளா, நிர்வாகமா, வேலைச்சுமையா, அந்தப் பாடசாலையா, தொழிலேதானா என்பது தெரியவரும். பாடசாலைதான் பிரச்சினை என்றால் தொழிலை ஏன் விட வேண்டும்?

விடுவதென்றே முடிவானால்

அப்படியானால் தலை நிமிர்ந்து, கணக்குப் பார்த்து விடுங்கள்.

இங்கிலாந்து, வேல்ஸ் அரச பாடசாலைகளில் விலகல் கடிதத்துக்கு ஆண்டில் மூன்று கடைசி நாட்கள் உண்டு: டிசம்பர் முடிவில் விலக ஒக்டோபர் 31; ஏப்ரல் முடிவில் விலக பெப்ரவரி 28; ஓகஸ்ட் முடிவில் விலக மே 31. தலைமையாசிரியர்கள் இன்னும் ஒரு மாதம் முந்திக் கொடுக்க வேண்டும். அக்கடமி மற்றும் தனியார் பாடசாலைகளில் ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

சுகயீன லீவுச் சம்பளம் பலருக்குத் தெரிவதில்லை. தேசிய நிபந்தனைகளின்படி நான்காவது சேவை ஆண்டிலிருந்து 100 வேலை நாட்கள் முழுச் சம்பளமும் 100 நாட்கள் அரைச் சம்பளமும் உண்டு. முதல் ஆண்டில் இது மிகக் குறைவு. கடிதம் கொடுத்து விலகிவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். நோயாக இருப்பவர் முதலில் சுகப்பட்டு, பிறகு விலகுவது நல்லது என்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை சேர்த்த ஆசிரியர் ஓய்வூதியம், இரண்டு வருடத்துக்கு மேல் சேவை செய்திருந்தால், அழியாமல் உங்களுக்காகக் காத்திருக்கும். ஆனால் சேவையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் மூன்று ஆண்டுச் சம்பளத் தொகை, விலகிய பின் அப்படிக் கிடைக்காது. சுகயீன ஓய்வு பெறத் தகுதி உண்டா என்பதையும் விலகுவதற்கு முன்பே விசாரியுங்கள். முகவர் மூலம் தற்காலிக ஆசிரியராகப் போனால் பொதுவாக இந்த ஓய்வூதியத்தில் சேர முடியாது.

தொழில் விசாவில் இங்கு வந்து படிப்பிப்பவர்கள் மிகக் கவனம். பாடசாலை உங்கள் விலகலை உள்துறை அமைச்சுக்கு அறிவிக்கும். பொதுவாக 60 நாட்களுக்குள் புதிய வேலைதருநரோ வேறு வழியோ தேட வேண்டியிருக்கும். சட்ட ஆலோசனை பெறாமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

கடைசியாக, குறைந்த சம்பளத்தில் மூன்று மாதம் சீவித்துப் பாருங்கள். இப்போதைய சம்பளத்திலிருந்து அந்த வித்தியாசத்தை ஒதுக்கி வையுங்கள். வீட்டுக் கடனும் சாப்பாடும் ஓடினால், உங்களுக்குத் துணிவும் வரும்; கையில் கொஞ்சக் காசும் இருக்கும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

"இவ்வளவு படித்துவிட்டு?" என்ற கேள்வியை விழுங்கிக்கொள்ளுங்கள். "ஊரில் நாங்கள் ஷெல்லுக்குள் படிப்பித்தோம், உங்களுக்கு இது பெரிசா?" என்றும் கேட்க வேண்டாம். உங்கள் வருத்தம் பெரிது என்பதற்காக அவர்களுடைய வருத்தம் இல்லாமல் போய்விடாது. "நித்திரை கொள்கிறாயா? சாப்பிட்டாயா? ஜீ.பீ.யிடம் நானும் கூட வரட்டா?" என்று கேளுங்கள். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று யோசிப்பவர்கள், அந்த நாலு பேரும் உங்கள் பிள்ளைக்கு மாரடைப்பு வந்தால் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கப்போவதில்லை என்பதையும் யோசியுங்கள்.

"நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது" என்பது போன்ற பேச்சு வந்தால், அதைச் சும்மா பேச்சாக எடுக்காதீர்கள். சாக நினைக்கிறாயா என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டால் மனம் திறப்பார்கள். அன்றே உதவி தேடுங்கள்.

உதவி எண்கள்

பிரித்தானிய ஆசிரியர்களுக்கும் பாடசாலை ஊழியர்களுக்குமான எஜுகேஷன் சப்போர்ட், 24 மணித்தியாலமும் இலவசம்: 08000 562 561
சமரிற்றன்ஸ், 24 மணித்தியாலமும் இலவசம்: 116 123
என்.எச்.எஸ், மனநல அவசரத்துக்கு: 111 ஐ அழைத்து, 2 ஐ அழுத்துங்கள்
உயிராபத்தான வேளையில்: 999

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்பது எமது முதியோர் வாக்கு. எத்தனையோ பிள்ளைகளுக்குச் சித்திரம் வரையக் கற்றுக்கொடுத்தவர்கள் தம் சுவர் இடிவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாகாது. ஆசிரியராகவே தொடர்ந்தாலும் சரி, வேறு வேலைக்குப் போனாலும் சரி, அது தெளிந்த மனதோடும் சோதித்த உடம்போடும் எடுத்த முடிவாக இருக்கட்டும். இந்தத் தவணைக்குள் உங்கள் ஜீ.பீ.யிடம் ஒரு நாள் பதிந்துகொள்ளுங்கள். கேள்வியைக் கதவடியில் அல்ல, கதிரையில் இருந்ததும் முதலாவதாகக் கேளுங்கள்.